லேசர் துவக்கு சுடுறது குறிசுடுற மாதிரி, குண்டு மாதிரி இல்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பத்திரிகையில சிறுவர் பக்கத்துல விண்வெளி றோல்பிளேயிங் கேம் பத்தி ஒரு கட்டுரை வந்திரிந்தது. அதுல லேசர் துவக்கு எல்லாம் சும்மா படக்கதை, உண்மை ஒண்டும் இல்ல, புள்ளையள் அதை வச்சு என்னத்தைப் படிக்கப்போகுதுகள் எண்டு ரெண்டு வரியில முடிச்சிட்டாங்க. பக்கத்துல ஒரு படம், ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் சிவப்புக் கோடு கோடா சுட்டுக்கொண்டு நிக்கிறார். அந்த ரெண்டு வரியும் பிழை, அந்தப் படமும் பிழை, ஆனா ரெண்டும் வேற வேற மாதிரிப் பிழை, அதுக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

நான் கல்லடியில லேசர் வெட்டுற கடை வச்சிரிக்கன். நேம் போர்ட், பள்ளிக்கூட ஷீல்ட், கல்யாணத்துக்கு மரத்துல பேர் வெட்டுறது, கீ டெக் இதுதான் தொழில். ரெண்டு மெசின் கிடக்கு, ஒண்டு காபனீரொட்சைட்டு வாயு ட்யூப் போட்ட 80 வாட் மெசின், மற்றது இரும்புச் சாமானுக்கு எழுத்துப் போடுற சின்ன ஃபைபர் லேசர். ஞாயிறு பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டு விறாந்தையில அயலுப் புள்ளையள் ஆறு பேரோட நான் றோல்பிளேயிங் கேம் நடத்திறன். தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், இது போன்ல விளையாடுற கேம் இல்ல. ஒரு ஆள் கதையைச் சொல்லுவார், மற்ற ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒரு பாத்திரமா இரிந்து நான் இதைச் செய்யிறன், அதைச் செய்யிறன் எண்டு சொல்லுவாங்க, சரிவருதா இல்லையா எண்டதை டைஸ் உருட்டிப் பாப்பம். பேப்பர், பென்சில், டைஸ், வாய், அவ்வளவுதான். நாங்க தமிழிலதான் விளையாடுறம். ஆக, கிழமையில ஆறு நாள் உண்மை லேசரோடயும் ஒரு நாள் கதை லேசரோடயும் இரிக்கிற ஆள் எண்டபடியால இதைப் பத்திக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இரிக்கு எண்டு நினைக்கிறன்.

முதல்ல "வெறும் கற்பனை" எண்ட கதை. 1960 மே 16 ஆம் திகதி அமெரிக்காவுல தியடோர் மைமன் எண்டவர் ரூபிக் கல்லை வச்சு முதல் லேசரை ஓட விட்டார். அதுக்குப் பிறகு லேசரை ஆயுதமாக்கப் பாக்காத பெரிய நாடு இல்ல. 2010 பெப்ரவரியில அமெரிக்கா ஒரு 747 ஜம்போ விமானம் முழுக்க இரசாயன லேசர் மெசினை நிரப்பி, பறந்துகொண்டிருந்த ஏவுகணை ஒண்டை அதால அழிச்சுக் காட்டினாங்க, மறுகா செலவு தாங்கேலாம அந்தத் திட்டத்தையே கைவிட்டிட்டாங்க. 2014 இல யூஎஸ்எஸ் பொன்ஸ் எண்ட கப்பல்ல 30 கிலோவாட் லேசர் ஒண்டைப் பூட்டி வளைகுடாப் பக்கம் கொண்டுபோனாங்க. தூரம் ஏன், நமக்குப் பக்கத்துல இந்தியாவுல டிஆர்டிஓ எண்ட பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2025 ஏப்ரல் 13 ஆம் திகதி ஆந்திராவுல கர்னூல்ல வாகனத்துல வச்ச 30 கிலோவாட் லேசரால ட்ரோனைச் சுட்டு விழுத்திக் காட்டினது. இவ்வளவும் நடந்த விசயம். கையில தூக்கிக்கொண்டு போய் ஆளைச் சுடுற லேசர் துவக்கு தான் இன்னும் பாவனைக்கு வரல்ல, அது ஏன் வரல்ல எண்ட கேள்விக்குள்ள தான் புள்ளையள் படிக்கவேண்டிய முழு பௌதிகமும் கிடக்கு.

இப்ப படத்துக்கு வாறன். அந்தச் சிவப்புக் கோடு. என்ட கடைக்கு வாற சனம் முக்காவாசிப் பேர் மெசினுக்குள்ள தெரியிற சிவப்புப் புள்ளியைக் காட்டி "இதா தம்பி வெட்டுறது" எண்டு கேப்பாங்க. இல்ல. அது இடம் பாக்கிறதுக்கு வச்ச சின்ன லைட், பேனா லேசர் மாதிரி. வெட்டுற லேசர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம், அது மனிசக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பலகையில புகை வரும், கீறு விழும், நெருப்புப் பொறி சின்னதா மினுங்கும், ஆனா கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவுல பாத்தா ஒண்டும் இல்ல, வெறும் காத்து. முதல் முதல் மெசின் வாங்கின நேரம் நானும் அதைத்தான் குனிஞ்சு குனிஞ்சு தேடினன்.

கண்ணுக்குத் தெரியிற நிறத்துல சுட்டாலும் காத்துல தூசி, புகை இல்லாட்டி பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கோடு சரியாத் தெரியாது. வெளிச்சம் உங்கட கண்ணுக்கு வந்தாத்தான் தெரியும், அது அங்கால போய்க்கொண்டிருந்தா எப்புடித் தெரியும்? மாமாங்கத் திருவிழாவுல லைட் செட் போடுற ஆக்கள் முதல்ல புகை மெசினைத் தானே போடுவாங்க, புகை இல்லாட்டி அந்தப் பச்சைக் கோடு மங்கிப் போகும். மார்கழிப் பனியில வாவியில வலை வைக்கப் போற ஆக்கள் டோர்ச் அடிச்சா தடி மாதிரி நீட்டா வெளிச்சம் தெரியும், அதே டோர்ச்சை பங்குனி மாசத்துத் தெளிஞ்ச ராவுல அடிச்சா அங்கால கரையில ஒரு வட்டம் மட்டும் தான் விழும். விண்வெளியில தூசியும் இல்ல புகையும் இல்ல. அப்ப அந்தச் சண்டை எப்புடி இரிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. கோடு இல்ல, சத்தம் இல்ல, பின்னுக்கு உதைக்காது. திடீரெண்டு கப்பல் சுவர்ல ஒரு இடம் வெள்ளையா எரியும். அவ்வளவு தான்.

இதை நான் முதல் தடவை விளையாட்டுல சொன்ன அண்டு, ஆறாம் ஆண்டு படிக்கிற ஒரு சின்னவன் கேட்டான், "அண்ணே, சத்தமும் இல்ல வெளிச்சமும் இல்லாட்டி ஆரு சுட்டதெண்டு எப்புடித் தெரியும்?" எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இரிந்திட்டாங்க. எனக்குப் பதில் வரல்ல. எங்கட ஊருல அந்தக் கேள்வியை வயசான ஆக்கள் வேற காலத்துல வேற மாதிரிக் கேட்டிரிக்காங்க. ஒரு உண்மையை உண்மையாச் சொன்னபடியாத் தான் அந்தப் புள்ளைக்கு அந்தக் கேள்வி வந்திச்சு, சிவப்புக் கோடு போட்டிருந்தா வந்திராது.

இனித் தான் நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். கன விளையாட்டுல லேசர் துவக்கை எழுதிறது எப்புடியெண்டா சாதாரணத் துவக்கை எடுத்து குண்டுக்குப் பதிலா நிறம் அடிச்சு விட்ட மாதிரி. ட்ரிகரை அமத்தினா பட்டெண்டு ஆள் விழுவான், டைஸ் உருட்டு, காயத்தைக் கழி, முடிஞ்சுது. உண்மை லேசர் அப்புடி இல்ல. அது குறிசுடுற மாதிரி. படுவான்கரைப் பக்கம் மாட்டுக்குக் குறி சுடுறதைப் பாத்த ஆக்களுக்கு நான் சொல்றது உடன விளங்கும். இரும்பை நெருப்புல பழுக்கக் காய்ச்சி தோலில வச்சு கொஞ்ச நேரம் அமத்திப் பிடிக்கோணும், மாடு துள்ளினா குறி கலைஞ்சு போகும், அதுக்குத் தான் நாலு பேர் காலைக் கட்டிப் பிடிக்கிறது. லேசரும் அதே தான். ட்ரோனை விழுத்திற லேசர் எல்லாம் அது பறக்கப் பறக்க அதே ஒரு இடத்துல சில செக்கன் விடாமப் பிடிச்சுக்கொண்டு இரிக்கோணும், இடம் மாறிச்செண்டா சூடு பரவிப் போயிரும். நம்ம பாசையே இதைச் சொல்லுது பாருங்க, துவக்கால சுடுறதும் சுடுறது தான், அடுப்பு சுடுறதும் சுடுறது தான், வெடி பட்டாலும் சூடு பட்டது எண்டு தான் சொல்றம். குண்டுக்கு அந்தச் சொல்லு பேச்சுக்குச் சொல்றது, லேசருக்கு அது அப்புடியே உண்மை.

ஒரு கணக்குச் சொல்றன், புள்ளையளுக்கு நான் பென்சிலால எழுதிக் காட்டின கணக்கு. உடம்புச் சூட்டுல இரிக்கிற ஒரு கிராம் தண்ணியை முழுசா ஆவியாக்க 2,500 ஜூல் அளவு வேணும். துவக்குக் குண்டு ஒண்டு கொண்டுபோற சக்தி 2,000 ஜூல் அளவு. அப்ப ஒரு குண்டின்ட சக்தி முழுக்க லேசரா வந்தாலும் ஒரு கிராம் தசையைக் கூட ஆவியாக்கப் போதாது. என்ட 80 வாட் மெசினுக்கு அந்த ஒரு கிராம் தண்ணிக்கு அரை நிமிசம் செல்லும். ஆனா அதே மெசின் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கை வெண்ணையாட்டம் வெட்டுது, ஏனெண்டா லென்ஸ் அந்த 80 வாட்டையும் தலைமயிர் தடிப்பு மாதிரி ஒரு புள்ளிக்குள்ள குவிச்சுப் போடுது. சக்தி கூடவா குறையவா எண்டதை விட எவ்வளவு சின்ன இடத்துல, எவ்வளவு நேரத்துக்குள்ள எண்டது தான் கதை. அதால தான் கைத் துவக்கு எண்டு ஒண்டு வந்தா அது விடாம எரிக்கிறதா இரிக்காது, கண்ணை மூடித் திறக்க முதல் நூறு துடிப்பு அடிக்கிறதா இரிக்கும், ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாக்கி வெடிக்க வச்சு உள்ளுக்குப் போகும்.

இந்த இடத்துல ஒரு விசயம் சொல்லோணும். லேசர் எண்டா சுத்தமான ஆயுதம், ரத்தம் வராது, வலிக்காது எண்டு ஒரு நினைப்பு கன புள்ளையளுக்கு இரிக்கு, விளையாட்டுப் புத்தகங்கள் அப்புடி எழுதி வச்சபடியால வந்தது. எங்கட அம்மா விளையாட்டுத் துவக்கு ஒண்டும் வீட்டுக்குள்ள வர விடமாட்டா, அது எங்களுக்குச் சின்ன வயசுல இரிந்தே தெரியும், காரணம் கேக்கிறதும் இல்ல. டைஸ் விளையாட்டு எண்டபடியால பேசாம இரிக்கிறா. ஒரு நாள் ஒருத்தன் விறாந்தையில இரிந்து "லேசர் தானே, பட்டா வலிக்காது" எண்டு சொல்ல, குசினிக்குள்ள இரிந்து வந்து "சுட்டா வலிக்காம என்ன செய்யும் மகன்" எண்டு கேட்டிட்டுத் திரும்பிப் போயிட்டா. அவ சொன்னது தான் பௌதிகமும். தண்ணி நிறைஞ்ச தசைக்குள்ள சூடு திடீரெண்டு ஏறினா நீராவி வெடிக்கும், சுத்தி எரிகாயம், அது சுத்தமா இரிக்காது. அண்டையில இரிந்து எங்கட விளையாட்டுல லேசர் காயம் ஆற எடுக்கிற நாள் குண்டுக் காயத்தை விடக் குறைவில்ல எண்டு எழுதி வச்சிட்டன்.

இப்ப சூடு. இதுல தான் கன பேர் பிழை விடுற. லேசர் துவக்குக்கு பெட்ரி தான் பிரச்சினை எண்டு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல ஐயா. உங்கட கையில இரிக்கிற 5,000 மில்லிஅம்பியர்-மணி போன் பெட்ரியில 69,000 ஜூல் அளவு கிடக்கு, கடதாசிக் கணக்குல அது முப்பதுக்கு மேல குண்டு. பிரச்சினை எங்கெண்டா அதை ஒரு கணத்துக்குள்ள வெளிய எடுக்கிறதும், எடுத்ததுல வெளிச்சமா மாறாத பங்கை என்ன செய்யிறது எண்டதும் தான். என்ட வாயு ட்யூப் மெசின் கரண்ட்ல பத்துல ஒரு பங்கு அளவைத் தான் லேசரா மாத்துது, மிச்சம் எல்லாம் சூடு. அதுக்குத் தான் தண்ணி சுத்தி ஓடிக்கொண்டே இரிக்கோணும். ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிக்கிற நாளையில அந்தத் தண்ணியை ஆற வைக்கிற சில்லர் மெசின் திணறிக் கத்தத் தொடங்கும், அப்ப நான் பிளாஸ்டிக் போத்தல்ல தண்ணி ஊத்தி ஐஸ் ஆக்கி வாளிக்குள்ள போட்டுப் போட்டுத் தான் வேலை செய்வன், மத்தியானம் ரெண்டு மணித்தியாலம் மெசினை நிப்பாட்டியே வைக்கிறதும் உண்டு. தண்ணி ஓடாம ட்யூப் வெடிச்சுப் போன கடைக்காரர் ரெண்டு மூண்டு பேரை எனக்குத் தெரியும்.

நல்ல ஃபைபர் லேசர், டயோட் லேசர் 30 வீதம், 40 வீதம் மாத்தும். அப்ப 2,000 ஜூல் வெளிச்சம் விடுற துவக்கு 30 வீதம் எண்டு வச்சா உள்ளுக்க 4,700 ஜூல் சூட்டை வச்சுக்கொண்டு நிக்கும். துவக்குக்குள்ள சூட்டை வாங்க ஒரு கிலோ அலுமினியம் இரிக்கு எண்டா ஒரு வெடிக்கு 5 பாகை ஏறும். மட்டக்களப்பு வெயில் 32 பாகையில தொடங்கினா பத்து வெடியில 80 ஐத் தாண்டிரும், அதைக் கையால பிடிக்கேலாது, அதுக்கு முதலே உள்ளுக்க வெளிச்சத்தைத் தாற டயோட் மங்கத் தொடங்கிரும்.

இந்தக் கணக்கை அப்புடியே விளையாட்டுச் சட்டமா வச்சிட்டன். குண்டு எத்தினை மிச்சம் எண்டு எழுதிறதில்ல, துவக்கு எத்தினை பாகை எண்டு எழுதிறம். ஒரு வெடிக்கு 5 ஏறும், சும்மா வச்சா ஆறும், காத்து இல்லாத இடத்துல ஆறவே ஆறாது மாதிரி. 60 ஐத் தாண்டினா துவக்கு தானாப் பூட்டிக்கொள்ளும். இந்த ஒரு சட்டத்தால விளையாட்டு மாறின மாறல் சொல்லி வேலையில்ல. முந்தி எல்லாரும் என்ன செய்யிற எண்டு கேட்டா "சுடுறன், சுடுறன்" தான். போன மாசம் ஒரு கதையில, காத்தில்லாத ஒரு நிலாவுல இரிக்கிற நிலையத்துக்குள்ள மாட்டிக்கொண்டாங்க, பதின்மூண்டு வயசுப் புள்ளை ஒண்டு, கதையில அவ தான் இஞ்சினியர், துவக்கு 57 இல நிக்கிது, இன்னும் ஒரு வெடி தான் வைக்கேலும், வெளிய ரெண்டு பேர். அவ வெடி வைக்கல்ல. கொஞ்சம் யோசிச்சுப்போட்டு "அண்ணே, குடிக்கிற தண்ணி டேங்க் எங்க இரிக்கு" எண்டு கேட்டா. துவக்கைத் தண்ணிக்குள்ள அமத்தி ஆற வச்சா. மற்ற அஞ்சு பேரும் அது குடிக்கிற தண்ணி எண்டு சண்டை பிடிக்கத் தொடங்கிட்டாங்க. நான் ஒண்டும் சொல்லிக்கொடுக்கல்ல. பள்ளிக்கூடத்துல தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு சாமான் சூடேற எவ்வளவு சக்தி வேணும் எண்ட கணக்கை, மனப்பாடம் பண்ணின புள்ளை, அது என்னத்துக்கு எண்டு அண்டைக்கு விளங்கிச்சு எண்டு மறுகா வந்து சொன்னா.

விண்வெளி குளிர் தானே, அங்க என்னத்துக்குச் சூடு எண்டு கேக்கிற ஆக்களும் இரிக்காங்க. ஆற வைக்கக் காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, சூடு கதிராத் தான் வெளிய போகோணும், அது மெதுவான வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்துல வெளிய பெரிய வெள்ளைத் தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்குற ரேடியேட்டர்கள் இந்த வேலைக்குத் தான், அதுக்குள்ள அமோனியா ஓடுது. லேசர் பூட்டின போர்க்கப்பலைக் கீறிறவங்க அந்தத் தட்டைக் கீற மறந்திட்டாங்க எண்டா அந்தக் கப்பல் தன்ட சூட்டுலயே வெந்திரும்.

கண்ணாடிக் கவசம் பத்தியும் கட்டுரையில ஒரு வரி இரிந்தது, லேசரைத் தடுக்க முகம் பாக்கிற கண்ணாடியைப் பிடிச்சாப் போதும் எண்டு. என்ட மெசினுக்குள்ள லேசரைத் திருப்பி விட மூண்டு கண்ணாடி இரிக்கு, அதெல்லாம் அந்த ஒரு அலைநீளத்துக்கு எண்டே செஞ்சது. ரெண்டு வருசத்துக்கு முதல் எம்டிஎஃப் பலகை வெட்டின தூள் ரெண்டாவது கண்ணாடியில படிஞ்சிருந்ததை நான் கவனிக்கல்ல. தூள் சூட்டை வாங்கிச்சு, பூச்சு கருகிச்சு, கருகின இடம் இன்னும் சூட்டை வாங்கிச்சு, ஒரு டிக் எண்டு சத்தம், கண்ணாடி நடுவால வெடிச்சுப் போச்சு. 80 வாட்டுக்கே அந்தக் கதி. சண்டைக்களத்துல சேறும் வேர்வையும் பட்ட கண்ணாடிச் சட்டை 30 கிலோவாட்டுக்கு முன்னால எவ்வளவு நேரம் நிக்கும்? அதோட எந்த லேசர் எண்டதும் இரிக்கு. கண்ணுக்குத் தெளிவாத் தெரியிற அக்ரிலிக்கை என்ட வாயு லேசர் வெட்டுது, ஃபைபர் லேசர் அதுக்குள்ளால கண்ணாடிக்குள்ளால போற மாதிரிப் போயிரும். உங்களுக்குப் பளபளப்பாத் தெரியிற சாமான் லேசருக்கும் பளபளப்பா இரிக்கோணும் எண்டு இல்ல.

பழைய விளையாட்டு எழுதின ஆக்கள் இதையெல்லாம் யோசிக்காம இல்ல எண்டதையும் நான் சொல்லோணும், எனக்கு அவங்க மேல மரியாதை இரிக்கு. 1977 இல வந்த டிராவலர் விளையாட்டுல லேசர் துவக்குக்காரன் முதுகுல பவர் பெக் சுமந்து, அதுல இரிந்து வயர் இழுத்துத் தான் சுடுவான், எழுதினவருக்குப் பாரம் தெரிஞ்சிரிக்கு. அதுலயே கப்பல் சண்டையில வாற லேசரைத் தடுக்க மண் மாதிரித் துகளை முன்னுக்கு வீசிற மெசின் இரிக்கு. எனக்கு அது சரியான விருப்பம், ஏனெண்டா என்ட மெசின்ல காத்துப் பம்பு நிண்டு போனா பலகைப் புகையே லேசரை மறிச்சு வெட்டு பாதியில நிக்கும், அவர் சொன்னது அதே விசயம். 1982 இல வந்த ஸ்டார் ஃப்ரான்டியர்ஸ்ல ஒரு வெடிக்கு எவ்வளவு சக்தி எண்டதைச் சுடுறவரே 1 இல இரிந்து 10 வரை திருப்பி வைக்கலாம், கூட வச்சா பெட்ரி கெதியா முடியும். 1984 இல வந்த பரனோயாவுல சிவப்புக் கவசம் சிவப்பு லேசரைத் தடுக்கும், அதுக்கு மேல பதவிக்காரங்கட நிறத்து லேசரைத் தடுக்காது, அது பகிடி விளையாட்டு ஆனா அலைநீளம் எண்ட விசயத்துக்குக் கிட்டப் போயிரிக்காங்க. வெப்பத்தை மட்டும் மேசையில வச்சு விளையாடினது குறைவு, அதைத் தான் நாங்க சேத்தம்.

தூரமும் அப்புடித் தான். லேசர் எவ்வளவு தூரம் போனாலும் நூல் மாதிரிப் போகும் எண்டு ஒரு நம்பிக்கை. போகாது, விரியும். 10 சென்டிமீட்டர் லென்ஸ் வச்ச ஒரு மைக்ரோமீட்டர் லேசர் ஒரு கிலோமீட்டர்ல ரெண்டரை சென்டிமீட்டர் புள்ளியா விழும், மட்டக்களப்பில இரிந்து கல்முனைத் தூரத்துல ஒரு மீட்டர் வட்டம், ஆயிரம் கிலோமீட்டர்ல ஒரு வீட்டு வளவு அளவு. தூரம் பத்து மடங்கானா சூடு நூறுல ஒண்டு. இது நல்ல லென்ஸ், தெளிஞ்ச காத்து எண்டு வச்சுச் சொன்ன கணக்கு. எங்கட மாரி மழையில, வாவிப் பனியில, கடல் ஈரக் காத்துல இன்னும் மோசம். அதால எங்கட விளையாட்டுல கதை தொடங்க முதல் காலநிலைக்கு ஒரு டைஸ் உருட்டிறம், மழை வந்தா லேசர் வச்சிரிக்கிறவன் பயப்பிடுவான், கத்தி வச்சிரிக்கிறவன் சிரிப்பான்.

கடைசியா கண். இதை நான் விளையாட்டுக்காக மட்டும் எழுதல்ல. உண்மை லேசர் சண்டையில முதல் போறது உயிர் இல்ல, கண். ஆளைக் கொல்லப் போதாத சின்ன லேசர் தாராளமாக் கண்ணைக் கெடுக்கும், கண்ணுக்குள்ள இரிக்கிற லென்ஸே அதைக் குவிச்சு விழித்திரையில போட்டிரும். ஒரு மைக்ரோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது எண்டபடியால இமை மூடவும் மாட்டுது. இதுக்காகவே நிரந்தரமாக் குருடாக்க எண்டு செய்யிற லேசர் ஆயுதங்களைத் தடை செய்து 1995 ஒக்டோபர்ல சர்வதேச உடன்பாடு ஒண்டு எழுதினாங்க, 1998 இல அது அமுலுக்கு வந்தது. ஒரு ஆயுதத்தைச் சண்டைக்குக் கொண்டுவர முதலே தடுத்தது பெரிய விசயம். ஆனா நான் பாத்த விளையாட்டுப் புத்தகங்கள் கனத்துல லேசர் பட்டா எத்தினை காயப் புள்ளி எண்டு இரிக்கும், கண் பத்தி ஒரு வசனம் இரிக்காது. எங்கட மேசையில அந்த லேசருக்கெண்டே செஞ்ச பாதுகாப்புக் கண்ணாடி கண்ணுக்குப் போடாம லேசர் இரிக்கிற அறைக்குள்ள போனா டைஸ் உருட்டியே ஆகோணும், இது எல்லாருக்கும் பொது, சுடுறவனுக்கும் தான், தெறிச்சு வாற வெளிச்சத்துக்கு ஆள் தெரியாது.

திருவிழாக் கடையில விக்கிற லேசர் பேனாவைப் பாத்திரிப்பீங்க. போன வருசம் என்ட தங்கச்சியின்ட மகன் பச்சை லேசர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தான், மேல 5 மில்லிவாட் எண்டு ஒட்டியிரிந்தது. கடையில கொண்டுபோய் கறுத்தக் கடதாசியில பிடிச்சுப் பாத்தன், புகை வந்திச்சு. 5 மில்லிவாட்டுக்குப் புகை வராது. வித்தவருக்கும் தெரிஞ்சிரிக்காது, பெட்டியில வந்ததை வித்திரிப்பார். அதை மற்றப் புள்ளையள்ட முகத்துக்கு அடிச்சு விளையாடிக்கொண்டு தான் வந்தவன். நான் வாங்கி வச்சிட்டன், அழுதான், ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. ஐயா, உங்கட சிறுவர் பக்கத்துல அடுத்த முறை இதைக் கொஞ்சம் போடுங்க, கறுத்தக் கடதாசியைச் சுடுற பேனா புள்ளைட கையில இரிக்கப்படாது எண்டு தாய் தகப்பனுக்கு விளங்கிறபடி.

அந்தக் கட்டுரை எழுதினவர் இந்தப் பக்கம் வந்தா கடைக்கு வரச் சொல்லுங்க, மெசினை ஓட்டிக் காட்டிறன், பின்னேரம் நிண்டா புள்ளையளோட ஒரு ஆட்டம் விளையாடிட்டும் போகலாம். ஃபைபர் மெசின் ஓடுற நேரம் கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி கடையில மூண்டு தான் கிடக்கு. அதுக்கு மேல ஆள் வந்தா மிச்ச ஆக்கள் விறாந்தையில இரிக்கட்டும், மூண்டு மூண்டு பேராக் கூப்பிட்டுக் காட்டிறன்.

இப்படிக்கு,
லேசர் வெட்டுற கடைக்காரன் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.